வீட்டில் கார் வேலை பார்ப்பவருக்கான பட்டறைத் துணைப் பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், கார் நிறுத்தும் இடத்திலேயே, பதினான்கு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரின் பராமரிப்பு வேலைகளை நானே செய்துவருகிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, பேட்டரி பார்ப்பது, ஸ்பார்க் பிளக் மாற்றுவது ஆகியவையே பெரும்பாலும் என் வேலைகள். அக்கம்பக்கத்தாரும் நண்பர்களும் இந்த வேலையைத் தொடங்க நினைக்கும்போது, எந்தப் பொருளை வாங்குவது, எதை விடுவது என்று கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை எழுதுகிறேன்.

எதை முதலில் வாங்க வேண்டும்?

முதலில் உயிரைக் காக்கும் பொருள்கள், அடுத்து அளவு சொல்லும் பொருள்கள், அதன் பிறகே கழற்றி மாட்டும் கருவிகள் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளப்பான பெரிய ஸ்பேனர் பெட்டியை வாங்கியதும் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. காரை ஜாக்கி மீது மட்டும் நிறுத்திவிட்டு அடியில் புகுந்துவிடுகிறார்கள்.

முதல் வகையில் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் இரண்டு கட்டைகள், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை ஆகியவை வரும். இரண்டாம் வகையில் டயர் காற்றழுத்தமானி, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர், நட்டைக் குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஆகியவை வரும். இவற்றோடு, காருடன் வந்த உரிமையாளர் கையேட்டையும் ஒரு கருவியாகவே எண்ண வேண்டும். ஜாக்கி வைக்க வேண்டிய இடம், ஆயிலின் தரமும் கொள்ளளவும், வீல் நட்டின் முறுக்கு அளவு ஆகியவை அதில்தான் இருக்கின்றன. கையேடு தொலைந்திருந்தால், தயாரிப்பு நிறுவனங்கள் பலவும் தங்கள் இணையதளத்தில் அதைத் தருகின்றன. உங்கள் காரின் மாடல், ஆண்டு, எஞ்சின் மூன்றும் பொருந்துகிற பிரதியைப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

காருடனேயே ஒரு ஜாக்கி வந்திருக்கிறதே, அது போதாதா?

வழியில் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டும் பத்து நிமிட வேலைக்காகக் கொடுக்கப்பட்டது அந்தக் கத்தரி ஜாக்கி. அதன் அடித்தளம் ஓர் உள்ளங்கை அகலமே இருக்கும். பக்கவாட்டில் சிறிது தள்ளினாலும் சாய்ந்துவிடும். அதன் மீது காரை நிறுத்திக்கொண்டு சக்கரத்தை மாற்றலாமே தவிர, உடம்பின் எந்தப் பகுதியையும் காருக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது.

வீட்டு வேலைக்கு, சிறு சக்கரங்களில் உருளும் ஹைட்ராலிக் ஜாக்கியான ட்ராலி ஜாக், இரண்டு டன் அளவில் போதும். சிறிய ஹேட்ச்பேக் கார்கள் 700 முதல் 900 கிலோ வரை எடை உள்ளவை. ஒரு மூலையை மட்டும் தூக்கும்போது ஜாக்கியின் மேல் வருவது அதில் ஒரு பங்குதான். எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் மூன்று டன் வாங்குவது நல்லது. எடையைவிட உயரமே இங்கு ஏமாற்றும். காரைத் தூக்கத் தொடங்கும்போது சக்கரத்தின் ஸ்பிரிங் விரிந்துகொண்டே வருவதால் டயர் உடனே தரையை விட்டு எழும்பாது. நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகத் தூக்க வேண்டியிருக்கும். ஆகவே வாங்கும்போது, ஜாக்கியின் மிகத் தாழ்ந்த உயரம் உங்கள் காரின் அடியில் நுழையுமா, மிக உயர்ந்த நிலை ஸ்டாண்டு வைக்கும் அளவுக்குப் போதுமா என்று இரண்டையும் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஆனால் ட்ராலி ஜாக்கும் தூக்குவதற்கு மட்டுமே உரியது. தாங்குவதற்கு உரியது ஜாக் ஸ்டாண்டு. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது ஒரு ரப்பர் சீலும் ஒரு சிறு வால்வும்தான். சீல் தேய்ந்தாலோ வால்வில் ஒரு தூசு சிக்கினாலோ எண்ணெய் கசிந்து, ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கும். ஒரு முறை முன்பக்கம் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியையும் அப்படியே ஒட்டினாற்போல் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது ஜாக்கியின் தலை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. கார் ஸ்டாண்டின் மேல் அசையாமல் நின்றது. அந்த இரண்டு விரற்கடை இடைவெளியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஜாக் ஸ்டாண்டில் எந்த வகை நல்லது? அதை எப்படி வைப்பது?

பல்சக்கரமும் கைப்பிடியும் கொண்ட ராட்செட் வகை, துளையில் கம்பியைச் செருகும் பின் வகை என இரண்டு கிடைக்கின்றன. ராட்செட் வகையில் உயரத்தை மாற்றுவது எளிது. பல் முழுமையாகப் பிடித்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். பின் வகையில் ஏமாற்றும் பாகங்கள் குறைவு என்பதால், தொடங்குபவருக்கு அதையே பரிந்துரைப்பேன். ‘மூன்று டன்’ என்று எழுதியிருந்தால் அது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பற்றவைத்த இடங்களில் விரிசலோ துளைகளோ தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உள்ளே குழியான சிமெண்டுக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்துவதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஹாலோ பிளாக் கல் ஒரே இடத்தில் அழுந்தும் எடையைத் தாங்காமல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கிவிடும்.

தரையையும் பாருங்கள். பேவர் பிளாக் பதித்த தரையில் ட்ராலி ஜாக்கின் சிறு சக்கரங்கள் கற்களின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஜாக்கியின் கை வட்டமாக எழும்புவதால், தூக்கும்போது ஜாக்கி சிறிது உருண்டு நகர்ந்தாக வேண்டும். நகர முடியாவிட்டால் காரைத் தன் பக்கம் இழுக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை அடியில் போட்டால் இந்தச் சிக்கல் தீரும். வெயிலில் இளகிய தார்த் தரையில் ஸ்டாண்டின் கால்கள் மெல்ல அமிழும் என்பதால் அங்கும் பலகை தேவை. சரிவில் இந்த வேலையே வேண்டாம்.

ஸ்டாண்டு வைத்த பிறகு, அடியில் போவதற்கு முன், காரின் பக்கவாட்டில் நின்று இரண்டு கைகளாலும் நன்றாக அசைத்துப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கவைப்பதும் செலவில்லாத நல்ல காப்பு.

108 உருப்படிகள் கொண்ட டூல் செட் வாங்கலாமா?

எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பெட்டிகளில் பாதி உருப்படிகள் திருப்புளி முனைகளும், நம் கார்களில் பெரிதும் பயன்படாத அங்குல அளவுச் சாக்கெட்டுகளுமாக (நட்டின் தலை மேல் மாட்டித் திருப்பும் கிண்ணங்கள்) இருக்கும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்களில் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள் இருந்தால் பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும். ஐரோப்பிய வடிவமைப்புக் கார்களில் 13, 16, 18 அளவுகளும், நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனைகளும் தேவைப்படும். வீல் நட்டு பல கார்களில் 19, சிலவற்றில் 21, சிலவற்றில் 17 என்று மாறுபடும். உங்கள் காரில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆறு முனைச் சாக்கெட்டா, பன்னிரண்டு முனைச் சாக்கெட்டா என்ற கேள்விக்கு நான் தயங்காமல் ஆறு முனை என்பேன். பன்னிரண்டு முனை நட்டின் மூலைகளில் மட்டும் அழுந்துவதால், துருவேறிய நட்டில் மூலைகளைத் தேய்த்து வட்டமாக்கிவிடும். ஆறு முனை நட்டின் பக்கங்களில் அழுந்திப் பிடிக்கும். கைப்பிடியில் 3/8 இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) ராட்செட் ஒன்று எஞ்சின் அறை வேலைகளுக்கும், அரை இஞ்ச் ஒன்று சக்கர வேலைகளுக்கும் போதும். 75 மற்றும் 150 மில்லிமீட்டர் நீட்டிப்புக் கம்பிகள் இரண்டு இருக்கட்டும். 10 மில்லிமீட்டர் சாக்கெட் மட்டும் இரண்டாக வாங்கிவையுங்கள். அதிகம் பயன்படுவதும், கை தவறி எஞ்சினுக்குள் விழுந்து தொலைவதும் அதுதான்.

ஸ்பேனர்களில் ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் வாய் உள்ள கூட்டு ஸ்பேனர்களை வாங்குங்கள். டபாரியா போன்ற இந்திய நிறுவனங்களின் குரோம் வனேடியம் ஸ்பேனர்கள் வீட்டு உபயோகத்துக்குத் தாராளமாகப் போதுமானவை. நம் நாட்டின் கைக்கருவித் தொழில் ஜலந்தர், லூதியானா, நாசிக் ஆகிய ஊர்களில் நன்கு வேரூன்றியது. வெளிநாட்டுப் பெயருக்காகப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டிய தேவை இந்த வேலைகளில் எழுவதில்லை.

டார்க் ரெஞ்ச் உண்மையிலேயே தேவையா? மெக்கானிக்குகள் கைக்கணக்கில்தானே இறுக்குகிறார்கள்?

முப்பது ஆண்டுகள் தினமும் இறுக்கிய கைக்கு அந்தக் கணக்கு வந்திருக்கும். மாதம் ஒரு முறை ஸ்பேனர் பிடிக்கும் நமக்கு அது வராது. சிறிய கார்களின் வீல் நட்டுக்குக் கையேடுகள் பொதுவாக 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்கின்றன. வீல் நட்டைக் கழற்றும் 30 சென்டிமீட்டர் நீள எல் வடிவ ராடின் முனையில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி நின்றால், நட்டுக்குப் போகும் முறுக்கு ஏறத்தாழ 205 நியூட்டன் மீட்டர், அதாவது தேவையைப் போல் இரு மடங்கு. இவ்வாறு மீண்டும் மீண்டும் இறுக்கப்பட்டால், நட்டு ஏறும் மரைக் கம்பியான ஸ்டட் நீண்டு, ஒரு நாள் முறிகிறது. அல்லது நடுவழியில் பஞ்சரானபோது வீட்டிலுள்ள பெண்ணோ முதியவரோ கழற்ற முடியாமல் தவிக்கிறார்கள். கையேடு 85 நியூட்டன் மீட்டர் என்று சொன்னால், அதற்கு 45 சென்டிமீட்டர் நீளமுள்ள டார்க் ரெஞ்சின் முனையில் சுமார் 19 கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். அதை முதன்முறை உணர்பவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

சிறிய போல்ட்டுகளில் இது இன்னும் முக்கியம். தொடக்க ஆண்டுகளில், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் அலுமினியத் தொட்டியான சம்ப்பின் வடிகால் போல்ட்டை நீண்ட ரிங் ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தேன். ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று அழுத்தினேன். இறுகிக்கொண்டே வந்த போல்ட், வெண்ணெயில் திரும்புவதுபோல் சட்டென்று இலகுவானது. மரை போய்விட்டது என்பது கைக்கு முதலில் தெரிந்தது, மனத்துக்குப் பிறகுதான் எட்டியது. சம்ப்பைக் கழற்றி, லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், புது மரைச் சுருள் பொருத்தி வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் ஒரு நல்ல டார்க் ரெஞ்ச் வாங்கியிருக்கலாம்.

வாங்கும்போது, குறித்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தமிடும் வகையை வாங்குங்கள். சக்கரத்துக்கு 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரையிலான அரை இஞ்ச் கருவி வசதியானது. பொதுவாக இவற்றின் வரம்பின் கீழ்க்கோடியில் துல்லியம் குறையும். ஆகவே வடிகால் போல்ட், ஸ்பார்க் பிளக் போன்றவற்றுக்குப் பின்னாளில் 3/8 இஞ்ச் டிரைவில் சிறியது ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். உறுதிக்காக இன்னொரு முறை இழுத்தால் அளவு கூடிவிடும். இதை வைத்து எந்த நட்டையும் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வைத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளராது.

இறுகிப்போன நட்டைக் கழற்ற என்ன வாங்கலாம்?

அரை இஞ்ச் டிரைவில் 45 அல்லது 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பிரேக்கர் பார் என்னும் நீண்ட கைப்பிடி ஒன்று. அதோடு ஊடுருவும் எண்ணெய் ஒரு கேன். அடித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை ஒரு சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு காரைத் தூக்குங்கள். அடித்து அடித்துத் திருப்பும், பேட்டரியில் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்ச் கழற்றுவதற்கு மிக வசதியானது. இறுக்குவதற்கு அதைத் தொடாதீர்கள்.

ஆயில் மாற்றுவதற்கு என்னென்ன துணைப் பொருள்கள் தேவை?

எட்டு லிட்டர் கொள்ளும் அகலமான வடிகால் தட்டு, நீளக் கழுத்துள்ள புனல், ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச், புது வாஷர் ஆகியவை போதும். சிறிய பெட்ரோல் எஞ்சினில் மூன்று முதல் நான்கு லிட்டர் ஆயில்தான் இருக்கும். தட்டு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், சூடான ஆயில் முதல் சில நொடிகள் நேராக விழாமல் வளைவாகப் பாய்வதுதான். வடிகால் போல்ட்டின் செம்பு அல்லது அலுமினிய வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். திருகும் வகை ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது புது ஆயிலைத் தடவி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே சுமார் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ரெஞ்ச் கழற்ற மட்டுமே.

கீழே விரிக்க, பயன்படுத்திய பழைய ஃப்ளெக்ஸ் பேனரைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை. ஆயில் ஊறாது, துடைக்கலாம், முதுகுக்கு அடியிலும் வழுக்கிக்கொண்டு நகரலாம். கை துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் வாங்கிவையுங்கள்.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பதை வடிப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தியச் சட்டத்தில் பயன்படுத்திய எண்ணெய் தீங்கு தரும் கழிவுகள் பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகளுக்குள் வருகிறது. மழைநீர் வடிகாலில் ஊற்றியது நேராகக் கால்வாய்க்கும் கடலுக்கும் போகும். செடிக்கு அடியில் ஊற்றியது நிலத்தடி நீரில் கலக்கும். புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை நிரப்பி, மூடி, தொடர்ந்து சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள்.

மல்டிமீட்டரால் காரில் என்ன பார்க்க முடியும்?

தொடங்குபவருக்கு அதிகப் பணம் மிச்சமாக்கும் கருவி இதுதான் என்று நம்புகிறேன். காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். குற்றம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ, வெள்ளை உப்பு பூத்த டெர்மினலிலோ இருக்கக்கூடும். சில மணி நேரம் ஓய்ந்த, முழுமையாகச் சார்ஜ் உள்ள ஈய அமில பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதியளவு தீர்ந்துவிட்டது. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லையென்றால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜ் செய்யும் பகுதியைப் பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே சார்ஜ் அளவைக் கூட்டிக் குறைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நிறுத்திவைத்த காரில் மின்கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து, அதன் வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, நெகட்டிவ் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் தொடராக இணைத்து, கணினிகள் உறங்க அரை மணி நேரத்துக்கு மேல் விட்ட பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. மீட்டர் அந்த நிலையில் இருக்கும்போது தவறியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளிருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரம், காப்பு, வாட்ச் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவ் முனைக்கும் காரின் உடலுக்கும் நடுவில் ஸ்பேனரோடு சேர்ந்து ஒரு மோதிரம் மாட்டினால், நொடியில் பழுத்துவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஓ.பி.டி. ஸ்கேனர் வாங்குவது பயனுள்ளதா?

காரின் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி இது. உங்கள் கார் 2013ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்தது என்றால் பெரும்பாலும் பயன்படும். ஸ்டியரிங்கின் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும்; அதில் செருகும் சிறிய ப்ளூடூத் கருவி மலிவாகக் கிடைக்கிறது. எஞ்சின் விளக்கு எரியும்போது கணினி தரும் குறியீட்டைப் படிக்கலாம். எடுத்துக்காட்டாக, பி0301 என்றால் முதல் சிலிண்டரில் சரியாக எரியவில்லை என்று பொருள். ஆனால் ஸ்கேனர் நோயின் அறிகுறியைத்தான் சொல்லும். பிளக்கா, அதற்கு மின்சாரம் தரும் காயிலா, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரா என்பதை நீங்கள்தான் கண்டறிய வேண்டும். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டுப் பார்த்து, குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி என்று முடிவு செய்யலாம். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனைக்காகவே நான் ஸ்கேனரை மதிக்கிறேன்.

குறியீட்டை எழுதிவைத்துக்கொள்ளாமல் அழித்துவிடாதீர்கள். மலிவான கருவிகள் ஏர்பேக், ஏ.பி.எஸ். குறியீடுகளைப் பெரும்பாலும் படிக்காது. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் செருகியே விட்டால் பேட்டரியை மெல்ல உறிஞ்சும்.

டயருக்கு என்ன வைத்துக்கொள்ளலாம்?

சொந்தமாக ஒரு காற்றழுத்தமானி. பங்க்கில் உள்ள மானிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. மேலும் அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி அழுத்தம் கூடியிருக்கும். ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவு, குளிர்ந்த டயருக்கானது. காலையில் வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய காற்றடிப்பான் ஒன்றும் நல்ல துணை. டயரின் பள்ள ஆழத்தை அளக்கும் சிறு மானியும் மலிவானது. ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலச் சாலைகளை நினைத்து, மூன்றுக்கு வந்ததுமே நான் மாற்றிவிடுகிறேன்.

வெளிச்சம், கையுறை, கழற்றிய திருகுகளை வைக்கும் தட்டு போன்ற சிறு பொருள்களில் எது மிகப் பயன்படும்?

தலையில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு முதலிடம் பெறும். இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கின்றன. காந்தம் உள்ள விளக்கு இரண்டாவது. செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு பிரேக் வேலை பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வேண்டாம். கையுறை நைட்ரைலில் இருக்கட்டும். பழைய எஞ்சின் ஆயில் நெடுங்காலம் தோலில் பட்டுவந்தால் தோல் புற்றுநோய்க்கே காரணமாகலாம். சுழலும் பெல்ட்டின் அருகில் மட்டும் எந்தக் கையுறையும் கூடாது.

கழற்றிய திருகுகளுக்குக் காந்தத் தட்டு விற்கிறார்கள், நல்லதுதான். நான் பயன்படுத்துவது வீட்டில் கழித்துப்போட்ட பழைய இட்லித் தட்டு. கழற்றிய வரிசைப்படி முதல் குழியில் முதல் திருகு, இரண்டாம் குழியில் இரண்டாவது என்று போட்டுக்கொண்டே வந்து, மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால், ஒரு திருகும் மிச்சமாகாது. நீளம் மாறுபட்ட திருகுகள் உள்ள இடங்களில் இது பெரிய உதவி.

பிரேக் வேலைக்குத் தனியாக என்ன வாங்க வேண்டும்?

பிரேக் பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும் கருவி, பிரேக் கிளீனர், கம்பித் தூரிகை, சறுக்கும் பாகங்களுக்கான சிலிகான் கிரீஸ் ஆகியவை. முன் பிரேக்குக்கு சி வடிவ கிளாம்பே போதும். கழற்றிய காலிப்பரை (பிஸ்டனும் பேடும் இருக்கும் பகுதி) அதன் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல், ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவையுங்கள். பிரேக் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள்.

பிரேக் ஆயில் வாங்கும்போது சிறிய பாட்டிலாக வாங்குங்கள். டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்பவை. புதிய டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்குகிறது. மலையிறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் திறந்து ஆறு மாதம் அலமாரியில் இருந்த பாட்டிலைப் பிரேக்கில் ஊற்றாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எங்கே வாங்குவது?

சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளும், பாரிமுனைப் பகுதியின் ஹார்ட்வேர் கடைகளும். கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம் என்பதுதான் கடையின் நன்மை: ராட்செட்டைச் சுழற்றிப் பாருங்கள், சாக்கெட்டின் உட்சுவர் சீராக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். புதுப்பேட்டை பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்றது. கதவுக் கைப்பிடி, விளக்குக் கூடு போன்றவற்றை அங்கே வாங்கலாம். ஜாக்கி, ஜாக் ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் மூன்றையும் எங்கும் பழையதாக வாங்காதீர்கள். அவை பட்ட பாடு வெளியே தெரியாது.

கடலோர ஊரில் கருவிகள் துருப்பிடிக்காமல் வைப்பது எப்படி?

வேலை முடிந்ததும் வியர்வைக் கையோடு பெட்டியில் போடாமல், உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லியதாக மெஷின் ஆயில் தடவிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். செருப்பு, பை வாங்கும்போது வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் பெட்டியில் போடலாம். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் வையுங்கள். டிசம்பர் மழையில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்த ஓர் ஆண்டில் என் அடித்தட்டு ஸ்பேனர்கள் அனைத்தும் ஒரே வாரத்தில் சிவந்துவிட்டன.

வாங்கவே கூடாத பொருள் ஏதாவது உண்டா?

உண்டு. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கும் மலிவான கொக்கி வகை கம்பிரஸரை வாங்காதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங்கில் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடைபட்டிருக்கிறது. கொக்கி நழுவினால் அது முகத்தை நோக்கி வரும். ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டியிருந்தால், உரிய இயந்திரம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் உள்ள ஏர்பேக் வயர்களையும், ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட உயரழுத்த வயர்களையும் எந்தக் கருவி கையில் இருந்தாலும் வீட்டில் தொடாதீர்கள்.